பார்க்கவில்லை என்றால் போதுமா?

சாலை விபத்து என்றவுடன் வேகம், மது, உறக்கம் ஆகிய மூன்றுமே நம் நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றும் இல்லாத விபத்து ஒன்று உண்டு. அதில் வாகனம் மனிதன் நடக்கும் வேகத்திற்கு மேல் செல்வதில்லை. ஓட்டுபவர் குடித்தவர் அல்லர். பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். இடமும் நெடுஞ்சாலை அன்று. வீட்டு வாயில், பள்ளி வளாகம், ஆலய மைதானம், தெருமுனை. அடிபடுவதோ பெரும்பாலும் சிறு குழந்தை, அல்லது தள்ளாத முதியவர். சில வேளைகளில் ஓட்டியவரின் சொந்தப் பிள்ளையே சக்கரத்தின் கீழ்க் கிடக்கக் காண்கிறோம். கூடி நிற்போர் “யார் குற்றம்?” என்று கேட்கின்றனர். ஓட்டியவர் வாயிலிருந்து ஒரே சொற்றொடர்தான் வருகிறது: “நான் பார்க்கவில்லையே!”

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. அவர் பார்க்கவில்லை என்பது மட்டுமன்று. அமர்ந்திருந்த இடத்திலிருந்து அவரால் பார்த்திருக்கவும் முடியாது. அப்படியாயின் அவர் குற்றமற்றவரா? பார்க்க முடியாத ஒன்றிற்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா? வாகனம் இல்லாத இல்லம் அரிதாகிவிட்ட இக்காலத்தில், இக்கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

கண்ணிலேயே ஒரு மறைவிடம்

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் எட்மே மரியோத் என்னும் குருவானவர் வாழ்ந்தார். அவர் சிறந்த இயற்பியல் அறிஞரும் ஆவார். மனிதக் கண்ணில் ஒரு சிறு பகுதிக்குப் பார்வையே இல்லை என்பதை 1660-களில் சோதனை மூலம் உலகிற்கு எடுத்துக் காட்டியவர் அவரே. விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படும் இடம் அது. அவ்விடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. ஆகவே அங்கு விழும் உருவம் நமக்குத் தெரிவதில்லை.

எனினும் நம்மில் எவரும் உலகத்தைப் பார்க்கும்போது நடுவில் ஒரு கரிய ஓட்டையைக் காண்பதில்லை. சுற்றிலும் உள்ளதைக் கொண்டே மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. வெண்மையான சுவரைப் பார்த்தால் அங்கும் வெண்மை. நீல வானைப் பார்த்தால் அங்கும் நீலம். காணாதிருப்பது ஒரு குறை. காணவில்லை என்பதையே அறியாதிருப்பது அதனினும் பெரிய குறை.

வாகனத்திலும் இதுவே நிகழ்கிறது. ‘பிளைண்ட் ஸ்பாட்’ என்று ஓட்டுநர்கள் கூறும் மறைவிடம் இருளாகத் தோன்றுவதில்லை, காலியிடமாகத் தோன்றுகிறது. பக்கக் கண்ணாடியில் வெறுஞ்சாலை தெரிகிறது. “ஒருவரும் இல்லை” என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. கண்ணாடி சொன்னதோ, “எனக்குத் தெரியும் இடத்தில் ஒருவரும் இல்லை” என்பது மட்டுமே. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் உயிர்கள் பறிபோகின்றன.

நான்கு புறமும் மறைவு

மறைவிடம் என்பது ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சிறு புள்ளி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வாகனத்தின் நான்கு புறங்களிலும் உண்டு.

முதலாவது, பின்புறம். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ மூன்றடிதான். காரின் பின்கண்ணாடியின் கீழ்விளிம்போ பெரும்பாலான கார்களில் அதற்கு மேலேயே இருக்கிறது. பின்னால் நிற்கும் குழந்தையே தெரியாதபோது, மண்ணில் அமர்ந்து விளையாடும் குழந்தை எங்ஙனம் தெரியும்?

இரண்டாவது, பக்கங்கள். நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம். ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். ஆகவே அவருக்குத் தொலைவில் உள்ள இடப்பக்கமே பெரிய மறைவிடம். லாரி, பேருந்து போன்றவற்றில் இது மிகப் பெரிது. போதாததற்கு நீண்ட வண்டி இடப்புறம் திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற வழியே செல்வதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. முன்பகுதி தம்மைக் கடந்து விட்டதென்று ஓரத்தில் நிற்கும் மிதிவண்டிக்காரரை, மொபெட்டில் செல்லும் பெண்ணைப் பின்சக்கரம் இழுத்துக்கொள்வது இவ்வாறுதான்.

மூன்றாவது, முன்புறம். உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு வண்டியின் மூக்கருகே நடந்து செல்பவர் தெரிவதில்லை. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, அதன் முன்பாகவே சாலையைக் கடக்கும் சிறுவனின் நிலையும் இதுவே.

நான்காவது, பலரும் நினையாத மறைவிடம். முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் தூண்கள் உள்ளன. தெருமுனையை நோக்கி நாம் ஒரு பக்கமிருந்தும், மிதிவண்டிக்காரர் வேறு பக்கமிருந்தும் சீரான வேகத்தில் வந்துகொண்டிருக்கிறோம் என்று கொள்வோம். இருவரும் மோதும் பாதையில் இருந்தால், அவர் நம் கண்ணுக்கு எப்போதும் ஒரே திசையிலேயே இருப்பார். அத்திசையில் தூண் இருந்துவிட்டால் கடைசிக் கணம் வரை அவர் தூணுக்குப் பின்னால் மறைந்தே வருவார். தலையைச் சற்று முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பவரே அவரைக் காண்பார்.

கூடுதல் கண்ணாடிகளைப் பொருத்தினால் இக்குறைகள் அனைத்தும் நீங்கிவிடுமா? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. நேராகக் கண்ணால் பார்ப்பதைவிடக் கண்ணாடி வழியே பார்த்துச் செயற்படும் ஓட்டுநருக்குச் சராசரியாக 0.7 விநாடி அதிகம் ஆகிறது. மணிக்கு 15 மைல் வேகத்தில் செல்லும் லாரி அந்த நேரத்தில் 4.7 மீட்டர் முன்சென்றுவிடும். ஒரு குழந்தையின் உயிருக்கு அத்தொலைவு போதும்.

ஒரு தந்தையும் ஒரு சட்டமும்

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில், குழந்தை மருத்துவர் ஒருவர் தம் வீட்டு வளாகத்தில் காரைப் பின்னோக்கிச் செலுத்தினார். இரண்டு வயது மகன் வீட்டிற்குள் இருப்பதாக எண்ணியிருந்தார். அவன் அவரைப் பின்தொடர்ந்து வெளியே வந்திருந்தான். மற்றவர் குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் கைகளாலேயே தம் குழந்தையை இழந்தார் அத்தந்தை.

அவர் அத்துயரத்தோடு ஒதுங்கிவிடவில்லை. அதே துயரை அடைந்த பிற பெற்றோரோடு சேர்ந்து, கார்களின் பின்புறத்தைக் காட்டும் சாதனத்தைக் கட்டாயமாக்க வேண்டுமென்று போராடினார். அவர் மகனின் பெயரைத் தாங்கிய சிறார் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கையொப்பமாயிற்று. எனினும் விதிமுறை வெளிவர 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. 2018 மே மாதம் முதலே அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் பின்பார்வைக் காமிரா கட்டாயமாயிற்று. அவ்விதியை வெளியிட்டபோது அரசு தந்த கணக்கு நெஞ்சை உறுத்துவது. ஆண்டுதோறும் சராசரியாக 210 பேர் பின்னோக்கி வரும் வாகனங்களால் உயிரிழந்தனர். 15,000 பேர் காயமுற்றனர். இறந்தவர்களில் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள்; 26 விழுக்காட்டினர் எழுபது வயதைக் கடந்த முதியோர்.

காமிரா வந்தவுடன் துன்பம் ஒழிந்ததா? அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் நடத்திய ஆய்வில், காமிரா இருக்கும் கார்களில் பின்னோக்கிச் செல்லும் விபத்துகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே குறைந்தன எனத் தெரியவந்தது. கருவி காட்டுகிறது, பார்க்க வேண்டியவன் மனிதனே. திரையைப் பாராதவனுக்கு அக்கருவி இருந்தும் பயனில்லை.

இலண்டனும் சென்னையும்

இலண்டன் மாநகரம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2015 முதல் 2017 வரை அந்நகரில் ஓடிய வாகனங்களின் மொத்தத் தொலைவில் கனரக லாரிகளின் பங்கு 4 விழுக்காடுதான். ஆனால் மிதிவண்டிக்காரர் உயிரிழந்த விபத்துகளில் 63 விழுக்காட்டில் அவை தொடர்பு கொண்டிருந்தன. ஆகவே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநர் தம் கண்ணால் நேராக எவ்வளவு காண முடிகிறது என்று அளந்து, சுழி முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கினர். 2021 மார்ச் முதல் தகுதியற்ற லாரிக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் குறைந்தது மூன்று நட்சத்திரம், அல்லது அதற்கு ஈடான பாதுகாப்புக் கருவிகள் வேண்டும் என விதி கடுமையாயிற்று.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மறைவிடம் விதியின் விளையாட்டன்று. மனிதர் செய்த வடிவமைப்பின் விளைவு. கதவில் கீழ்வரை கண்ணாடி வைத்து, இருக்கையைத் தாழ்த்தி லாரி செய்தால் மறைவிடம் சுருங்குகிறது. எனவே ஓட்டுநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முழு நீதி ஆகாது.

நம் மாநிலத்திற்கு வருவோம். 2022 மார்ச் மாதம் சென்னை ஆழ்வார்திருநகரில், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பள்ளி வளாகத்திற்குள்ளேயே பள்ளி வேன் மோதி உயிரிழந்தான். காலையில் மகனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு அவன் உடலே திரும்பி வந்தது. அவ்வாண்டிலேயே, பள்ளி வாகனங்களுக்கான 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு திருத்தியது. வாகனத்தின் முன்னும் பின்னும் காமிராவும் எச்சரிக்கை உணர்கருவியும் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2019 ஜூலை முதல், இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் பின்னோக்கிச் செல்லும்போது ஒலியெழுப்பும் உணர்கருவி கட்டாயமாகியுள்ளது. பழைய வாகனங்களில் அது இருக்குமென்று எண்ணலாகாது.

குற்றம் யாருடையது?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

அறநெறி இயலார் பண்டுதொட்டே அறியாமையை இருவகையாகப் பிரித்துக் கூறுவர். எவ்வளவு முயன்றாலும் ஒருவன் நீக்க முடியாத அறியாமை ஒன்று. தக்க முயற்சி எடுத்திருந்தால் நீக்கியிருக்கக் கூடிய அறியாமை மற்றொன்று. முன்னதற்கு மனிதன் பொறுப்பாளி அல்லன். பின்னதற்குப் பொறுப்பு உண்டு. அறியும் முயற்சியை அவன் கைவிட்டதே அவன் குற்றம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் விளக்கிய இப்பாகுபாடு, இருபத்தோராம் நூற்றாண்டின் லாரிக்கும் வேனுக்கும் அப்படியே பொருந்துகிறது. இருக்கையிலிருந்து பார்த்தால் குழந்தை தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரியாத இடம் ஒன்று உண்டு என்பது ஓட்டுநருக்குத் தெரியும். இறங்கி ஒரு சுற்று வந்தால் அது தெரிந்துவிடும் என்பதும் தெரியும். ஆகவே “பார்க்கவில்லை” என்பது வழக்கின் முடிவன்று; “பார்ப்பதற்கு என்ன செய்தாய்?” என்னும் கேள்வியின் தொடக்கம்.

சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே செல்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. அதே வேளையில், இழப்பீட்டைப் பொறுத்தவரை, யார் குற்றம் என்று மெய்ப்பிக்காமலேயே பெறத்தக்க உரிமையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்றைய 164-ஆம் பிரிவின்படி மரணத்திற்கு ஐந்து இலட்சமும், கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சமும் அவ்வாறு கோரலாம். இதனை அறியாது வெறுங்கையோடு நிற்கும் ஏழைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வது கற்றோர் கடமை.

பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் ஒரு கோட்பாடு சேர்க்கப்பட்டது. பிறருக்கு மிகுந்த தீங்கு விளைக்கும் வலிமை எவருக்கு உண்டோ, அவருக்கே மிகுந்த பொறுப்பும் உண்டு என்பது அது. லாரிக்காரர் கார்க்காரரைவிடவும், கார்க்காரர் மிதிவண்டிக்காரரைவிடவும், மிதிவண்டிக்காரர் நடப்பவரைவிடவும் பொறுப்பு மிக்கவர். இதனால் நடப்பவருக்குப் பொறுப்பே இல்லையென்று ஆகிவிடாது என்பதையும் அந்நூல் சேர்த்தே கூறுகிறது. நாமும் இவ்வாறே பங்கிட்டுக் கொள்ளலாம். வயதுவந்தவர் லாரியின் மறைவிடத்தில் நுழைந்தால் அவருக்கும் பங்குண்டு. வண்டி செய்தவருக்கும், பள்ளி வேனில் உதவியாளரை வைக்காது மிச்சம் பிடிக்கும் நிர்வாகத்திற்கும் பங்குண்டு. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு எந்தப் பங்கும் இல்லை. “குழந்தை திடீரென்று ஓடிவந்துவிட்டது” என்று நாம் சொல்லக் கேட்கிறோம். ஓடிவருவது குழந்தையின் இயல்பு. அவ்வியல்பை அறிந்து நடப்பது பெரியவரின் கடமை.

செய்யத் தக்கவை

தடுக்கும் வழிகள் எளியவை. பெரும்பாலானவற்றிற்குக் காசு வேண்டியதில்லை.

1. வண்டியை எடுக்குமுன் அதனை ஒருமுறை சுற்றி வாருங்கள். சுற்றி வந்ததும் உடனே ஏறி எடுங்கள். இடையில் கைபேசியில் ஐந்து நிமிடம் பேசிவிட்டால், மீண்டும் ஒரு சுற்று வர வேண்டும்.

2. வீட்டில் வண்டி நகரும்போது, ஒவ்வொரு குழந்தையின் கையும் ஒரு பெரியவரின் கையில் இருக்கட்டும். “உள்ளேதான் இருப்பான்” என்பது போதாது. “என் கையில் இருக்கிறான்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே சாவியைத் திருப்புங்கள். தந்தைக்கு ‘டாட்டா’ காட்ட ஓடிவரும் நேரமே குழந்தைக்கு ஆபத்தான நேரம்.

3. வீட்டுக்கு வரும்போதே வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்திவிட்டால், காலை அவசரத்தில் முன்னோக்கி எடுக்கலாம். பின்னோக்கிச் செல்கையில் கண்ணாடிகளை இறக்கி, வானொலியை நிறுத்துங்கள். காதும் ஒரு கண்ணே.

4. லாரிக்குக் கிளீனரும் பேருந்துக்கு நடத்துநரும் பின்னோக்கிச் செல்கையில் இறங்கி வழிகாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல பழக்கம், ஆனால் வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே வண்டி நின்றுவிட வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று கூவியவரே நசுங்கும் அபாயம் உண்டு.

5. கார் ஓட்டுவோர் பக்கக் கண்ணாடிகளைச் சரியாக அமைக்க வேண்டும். ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் இதற்கு எளிய முறை ஒன்றைச் சொன்னார். நம் நாட்டுக்கேற்பச் சொன்னால், தலையை வலப்பக்கச் சன்னல் வரை சாய்த்து, வலக்கண்ணாடியில் சொந்தக் காரின் பக்கம் சற்றே தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குச் சாய்த்து, இடக்கண்ணாடியையும் அவ்வாறே வைக்க வேண்டும். நிமிர்ந்து அமரும்போது சொந்தக் கார் தெரியாது. முன்பு மறைந்திருந்த பக்கத்துச் சாலை தெரியும். எனினும் இது ஓடும் சாலைக்கு உரியது. காரின் பின்னே நிற்கும் குழந்தையை இதுவும் காட்டாது.

6. இருசக்கர வாகனத்தில் செல்வோர் லாரி, பேருந்துகளின் இடப்பக்க இடுக்கில் நுழையலாகாது. சிக்னலில் அவற்றின் பக்கவாட்டில் நிற்கலாகாது. அவ்வண்டியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையெனில், நம் முகமும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்ள வேண்டும்.

7. பிள்ளைகளுக்கு இதனைக் கற்பியுங்கள். வேனிலிருந்து இறங்கியதும் வண்டியை விட்டுப் பத்தடி விலக வேண்டும். அது நகர்ந்து சென்ற பிறகே சாலையைக் கடக்க வேண்டும். பையோ பந்தோ வண்டிக்கு அடியில் விழுந்துவிட்டால் தானே குனிந்து எடுக்காமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் பிள்ளையை ஒருமுறை உட்காரவைத்து, வண்டிக்குப் பின்னால் நிற்கும் அண்ணனைக் காட்டச் சொல்லுங்கள். “அண்ணன் தெரியவில்லையே!” என்று அவனே சொல்வான். நூறு அறிவுரைகள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்யும்.

8. திருவிழாக் காலத்தில் ஆலய மைதானத்திற்கு வேன்களும் டெம்போக்களும் திரள்கின்றன. அவற்றின் நிழலில் குழந்தைகள் உறங்குகின்றனர். வண்டிகளுக்கெனத் தனி இடம் கயிறு கட்டி ஒதுக்குவதும், அங்கு இரண்டு இளைஞர்களைக் காவல் நிறுத்துவதும் பங்குப் பேரவையால் இயலாத செயலன்று.

விபத்துக்குப் பின்

இவ்வளவும் எச்சரிக்கையாக இருந்த பின்னும் விபத்து நேரலாம். துக்க வீடுகளுக்குச் செல்லும் கடமையுள்ள நமக்கு ஒன்று புலப்படுகிறது. இத்தகைய விபத்தில் இறந்தவருக்காக அழ ஊரே வருகிறது. ஓட்டியவருக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் வருவதில்லை. அவர் தந்தையாகவோ தாத்தாவாகவோ மாமனாகவோ இருந்துவிட்டால், ஒரே வீட்டில் துக்கமும் குற்றச்சாட்டும் அருகருகே உட்கார்ந்துவிடுகின்றன. கணவனும் மனைவியும் பேச்சற்றுப் போகின்றனர். “நீ பிள்ளையைப் பிடித்திருக்கக் கூடாதா?” “நீங்கள் இறங்கிப் பார்த்திருக்கக் கூடாதா?” என்ற இரு கேள்விகள் அவ்வீட்டின் சுவர்களில் எதிரொலித்துக்கொண்டே இருக்கின்றன.

பொறுப்பை ஏற்பது வேறு; ஒருவரை வாழ்நாள் முழுதும் கொலைகாரர் எனச் சுட்டுவது வேறு. நீதிமன்றம் தன் கடமையைச் செய்யட்டும். உறவினரும் அயலாரும் செய்யத் தக்கது, அவ்விருவரையும் தனித்து விடாதிருத்தல். அடிபட்டவர் வீட்டிற்கு இழப்பீட்டு விண்ணப்பம் எழுத உதவுங்கள். ஓட்டியவரின் அருகே அமர்ந்து அவர் அழுகையைக் கேளுங்கள். “எல்லாம் விதி” என்று சொல்லி அவர் பொறுப்பை மூடி மறைக்கவும் வேண்டாம். அவரைக் கல்லெறியவும் வேண்டாம். லாங் ஐலண்டின் அத்தந்தை தம் துயரத்திலிருந்து ஒரு சட்டத்தையே உண்டாக்கினார் எனில், அவரைத் தாங்கி நின்றவர்களும் இருந்திருக்க வேண்டும்.

வாசக அன்பர்களே, இவ்விதழை மூடி வைத்தபின் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றே உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியில் ஏறி அமர்ந்து, வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தையை ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். குழந்தை எங்கே மறைகிறது, எங்கே மீண்டும் தோன்றுகிறது என்று கவனியுங்கள். மறையும் இடங்களைக் கண்ட ஓட்டுநர், அடுத்த முறை இறங்கிப் பாராமல் வண்டியை எடுக்க மாட்டார்.